அப்பாவின் கறுப்புக் காரும் இரண்டு பாலிஷும்

இந்த முறை ஊருக்குப் போனதில் என் மனதில் நிற்பது அப்பாவின் கார்தான்.

கறுப்பு நிறம். நிழலில் குறையே தெரியாது. வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்டக் கோடுகள். காரணம் நமக்குத் தெரிந்ததுதான்: தினமும் காலையில் அதே துணி, சொட்டுத் தண்ணீர் இல்லாத துடைப்பு. சின்ன வயதில் நானும் அப்படித்தான் துடைத்தேன். தூசியில் இருக்கும் மணலைத் துணி இழுத்துக்கொண்டு போக, ஒவ்வொரு இழுப்பும் ஒரு கீறல்.

கார் பாலிஷ் போடும் ஒரு கடையில் விட்டேன். "கோடெல்லாம் போயிடும், செராமிக் கோட்டிங்கும் போட்டுடறோம்" என்றார்கள். பெயிண்டுக்கு மேலே பூசும் மெல்லிய, கடினமான பாதுகாப்புப் பூச்சு அது. மூன்று மணி நேரத்தில் வண்டி வந்தது. கண்ணாடி மாதிரி மின்னியது. அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். எனக்கு அப்போதே உறுத்தல். கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டியால் தேய்த்து, கீறலைத் தேய்த்தெடுக்கும் காம்பவுண்ட், பிறகு பாலிஷ் என்று ஒழுங்காகச் செய்தாலே ஒரு நாள் ஓடிவிடும். கோட்டிங் பூசினால் ஒரு நாளாவது ஈரம் படக்கூடாது. இவர்களோ கதவு விளிம்பில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொடுத்தார்கள்.

இரண்டு முறை கழுவியதும் அத்தனை கோடும் அதே இடத்தில் திரும்பி வந்தது. கீறலை எடுக்கவே இல்லை. எண்ணெய்ப் பசை கொண்ட கிளேஸால் நிரப்பி மறைத்திருக்கிறார்கள். ஷாம்பு பட்டதும் அது கரைந்துவிட்டது. நான் இருக்கும் நாட்டில் ரசீதோடு போய் நின்றால் மறுபடி செய்து தருவார்கள். இங்கே "எந்த ஷாம்பு போட்டீங்க?" என்று திருப்பிக் கேட்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். "நான் சரியாக் கழுவலையோப்பா?" என்று அப்பா கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்புறம் இன்னொரு இடம். அந்தப் பையன் வந்ததும் பாலிஷ் மெஷினைத் தொடவில்லை, பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டரை எடுத்தான். பானெட்டில் 110 மைக்ரான், இடது கதவில் 240. "இந்தக் கதவுக்கு ரீபெயிண்ட் ஆகியிருக்கா சார்?" ஆகியிருந்தது, அப்பாவே மறந்துபோயிருந்தார். அந்த 110இல், நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற அடுக்கான கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான் இருக்கும், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பாலிஷ் என்பது அதைச் சீவி எடுப்பது. எத்தனை முறை வேண்டுமானாலும் செய்ய முடியாது.

பானெட்டின் நடுவே டேப் ஒட்டி, மென்மையான பேடில் தொடங்கி ஒரு பக்கம் மட்டும் தேய்த்தான். ஆல்கஹாலால் துடைத்து, டார்ச் அடித்து, "இப்பப் பாருங்க" என்றான். கிளேஸ் எதுவும் ஒளிந்திருந்தால் அந்தத் துடைப்பிலேயே காட்டிக் கொடுத்துவிடும். டேப்புக்கு இந்தப் பக்கம் வலை, அந்தப் பக்கம் வெறும் கறுப்பு. பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் ஒரு கீறலை மட்டும் விட்டுவிட்டான். "நகம் மாட்டுது சார், எடுத்தா கிளியர் கோட்டே போயிடும்." வெளிநாட்டில் என் வண்டிக்கு இவ்வளவு பொறுமையாக யாரும் விளக்கியதில்லை.

கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்று அவன் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்தது. கோட்டிங்கின் கடினத்துக்குச் சொல்லும் 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் அளவுகோல். மணல் அதைவிடக் கடினம். உலர்ந்த துணியால் துடைத்தால் கோட்டிங்கிலும் கோடு விழும்.

அப்பாவுக்கு இரண்டு வாளி வாங்கி வைத்துவிட்டு வந்தேன், ஒன்று ஷாம்புக்கு, ஒன்று கையுறையை அலச. பழைய துணி இப்போது ஜன்னல் துடைக்கப் போய்விட்டது.