பழைய டெஸ்க்டாப்பில் முதலில் எதை மாற்றுவது: எஸ்எஸ்டியா, ரேமா, ப்ராசஸரா?

பவர் பட்டனை அழுத்திவிட்டு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன டெஸ்க்டாப்பை வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சிதான். புதிதாக வாங்கக் கையில் காசில்லை. ஒரு பாகத்தை மாற்றலாம், இழுத்துப் பிடித்தால் இரண்டு. அந்த இரண்டு எவை என்பதுதான் கேள்வி.

என்னுடைய சிஸ்டத்தில் இருந்தவை: ஐ3-2120 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2012 வாக்கில் ரொம்ப சாதாரணமான கூட்டணி. அதை வைத்தே அலசுகிறேன். உங்களுடையது ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன் ப்ராசஸர் என்றால் ஓரிடத்தில் கணக்கு தலைகீழாக மாறும், அங்கே சொல்கிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மந்தமாக இருக்கும் நேரத்தில் எந்தக் கோடு உச்சத்தில் நிற்கிறது என்று பாருங்கள். என்னுடையதில் சிபியு 15 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. மெமரி 3.5 ஜிபியைத் தாண்டியிருந்தது. டிஸ்க் 100 சதவீதம். ஆனால் அந்த 100 சதவீதத்தில் நகர்ந்த தரவு நொடிக்கு ஒரு எம்பி சொச்சம்தான்! இந்த முரணைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

எஸ்எஸ்டியும் ரேமும்

7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி நொடி ஆகும். வேண்டிய இடம் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு இன்னொரு எட்டு ஒன்பது மில்லி நொடி. ஆக, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்டால் நொடிக்கு எண்பது கோரிக்கைகளை நிறைவேற்றுவதே அதற்குப் பெரும்பாடு. விண்டோஸ் எழும்போதும் பிரவுசர் திறக்கும்போதும் கேட்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட துண்டு துணுக்குகளைத்தான். எஸ்எஸ்டி தரவைச் சிப்புகளில் வைத்திருக்கும் டிஸ்க், அதில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கில் அள்ளிக் கொடுக்கும்.

"என் போர்டில் சாட்டா 2 தானே இருக்கிறது, எஸ்எஸ்டி போட்டு வீண்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. சாட்டா என்பது டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் வழி. எச்61-இல் எல்லாப் போர்ட்டுமே 3 ஜிகாபிட் சாட்டாதான், அதாவது சாட்டா 2. பெட்டியில் போட்டிருக்கும் 550 எம்பி வேகம் அங்கே 280-க்குக் கீழேதான் நிற்கும். பரவாயில்லை. உங்களுக்குக் கிடைக்கும் லாபம் அந்தக் காத்திருப்பு நேரம் ஒழிவதில். அதை சாட்டா 2 பெரிதாகத் தடுக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் நிறுவுவதற்கு முன் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் போர்டின் அடிப்படை மென்பொருள்) சாட்டா மோடு ஏஎச்சிஐ என்று இருக்கிறதா பாருங்கள். பழைய போர்டுகளில் ஐடிஇ என்று கிடக்கும். நிறுவிய பிறகு அவசரத்தில் மாற்றினால் நீலத் திரைதான்.

சரி, ரேம்? 4 ஜிபி இன்றைக்கு ஒரு பிரவுசருக்கே காணாது. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அந்த டிஸ்க் ஏற்கனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ரேம் குறைவும் ஹார்ட் டிஸ்க் மந்தமும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால்: 8 ஜிபி ரேமோடு ஹார்ட் டிஸ்க், அல்லது 4 ஜிபி ரேமோடு எஸ்எஸ்டி. என் ஓட்டு இரண்டாவதுக்கு. முதல் கூட்டணியில் டேப் மாற்றுவது சுகமாகும். ஆனால் பூட் ஆவதும் எந்த மென்பொருளையும் முதல் தடவை திறப்பதும் பழையபடி தவம்தான். 2 ஜிபியில் ஓடுகிறது என்றால் மட்டும் முடிவை மாற்றிக்கொள்வேன், அங்கே ரேம்தான் முதலில். 8-லிருந்து 16-க்குப் போவது வீடியோ எடிட்டிங் செய்பவருக்கும் விர்ச்சுவல் மெஷின் ஓட்டுபவருக்கும். மற்றவர்களுக்கு அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

டிடிஆர்3 வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. சந்தேகப்படும்படி மலிவான 8 ஜிபி ஸ்டிக்குகளில் சில ஏஎம்டி போர்டில் மட்டுமே வேலை செய்யும். இன்டெல் போர்டில் போட்டால் திரையே வராது. விவரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். ஏற்கனவே ஒரு ஸ்டிக் இருந்தால் அதே அளவில், அதே வேகத்தில் இன்னொன்று போட்டு டூயல் சேனலாக்குவது (இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது) நல்லது, குறிப்பாகத் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு. உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் அந்த ரேமையே பங்கு போட்டுக்கொள்கிறது.

சாட்டாவா, என்விஎம்ஈயா

என்விஎம்ஈ என்பது சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி வகை, பொதுவாகப் போர்டில் இருக்கும் எம்.2 என்ற சின்ன ஸ்லாட்டில் சொருகுவது. அந்த ஸ்லாட் இல்லாத போர்டில் இந்தக் கேள்வியே எழக்கூடாது. அடாப்டர் கார்டு போட்டு என்விஎம்ஈயைச் சொருகலாம்தான், ஆனால் அந்தக் காலத்து பயாஸ் பொதுவாக அதிலிருந்து பூட் ஆகாது. சாட்டா எஸ்எஸ்டியே போதும். ஸ்லாட் இருந்தால் தாராளமாக என்விஎம்ஈ போடுங்கள். ஆனால் எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். சில ஸ்லாட்டுகள் சாட்டா வகையை மட்டும் ஏற்கும், சில என்விஎம்ஈயை மட்டும். மதர்போர்டு கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குவது உத்தமம்.

ப்ராசஸர்: இருக்கும் சாக்கெட்டிலேயா, புது போர்டா

இங்கேதான் ஆசை மோசம் செய்யும். என் போர்டில் ப்ராசஸர் உட்காரும் எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் செகண்ட் ஹேண்ட் ஐ5-3470 போடலாம், 4 கோர். ஐ7-3770 போடலாம், 4 கோர், 8 த்ரெட். 2 கோர் ஐ3-இலிருந்து ஐ5-க்குப் போவதே கண்ணுக்குத் தெரியும் தாவல். அங்கிருந்து ஐ7-க்குப் போவது எந்நேரமும் எல்லாக் கோர்களையும் பிழிந்தெடுக்கும் வேலைக்குத்தான் நியாயம். எச்61 போர்டில் மூன்றாம் தலைமுறை சிப் ஏற பயாஸ் அப்டேட் வேண்டியிருக்கலாம். அதைப் பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். மாற்றிவிட்டு அப்புறம் அப்டேட் செய்யலாம் என்றால் திரை வந்தால்தானே செய்வீர்கள்!

மாறாக, போர்டையே மாற்றுவது என்று இறங்கினால் ப்ராசஸர், போர்டு, ரேம் மூன்றும் ஒன்றாக வரும், டிடிஆர்3 புதிய போர்டில் உட்காராது. பெரும்பாலும் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் பின்னாலேயே வரும். அது அப்கிரேட் இல்லை, பழைய கேபினட்டுக்குள் புதுக் கம்ப்யூட்டர்.

ஏஎம்4 (ரைசன் சிப்புகளுக்கான ஏஎம்டியின் சாக்கெட்) போர்டு வைத்திருப்பவர்கள் இங்கே கொடுத்துவைத்தவர்கள். 2017-இல் வாங்கிய பி350 போர்டுகளில் பெரும்பாலானவை பயாஸ் அப்டேட் செய்தால் ரைசன் 5 5600-ஐ ஏற்கும். ரைசன் 3 1200 போன்ற சிப்பிலிருந்து அதற்கு மாறினால், நான் மேலே சொன்ன வரிசையில் ப்ராசஸர் சட்டென்று முன்னுக்கு வந்துவிடும். இன்டெல்லில் அந்த வசதி இல்லை. எல்ஜிஏ 1151 என்று ஒரே பெயர் இருந்தும் எட்டாம் தலைமுறை சிப் 100, 200 வரிசை போர்டுகளில் ஓடாது. ஏஎம்4 சிப்பைக் கழற்றும்போது கூலரை நேராக இழுக்காதீர்கள். காய்ந்த தெர்மல் பேஸ்ட்டோடு சிப்பும் பின்களோடு பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடானதும் அணைத்து, இப்படியும் அப்படியும் திருகி எடுக்க வேண்டும்.

விண்டோஸ் கதையும் இந்த முடிவில் தலையிடுகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல்லில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் பொதுவாக ரைசன் 2000 வரிசை, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. நான் ஐ7-3770 போட்டாலும் அந்தப் பட்டியலில் சேர முடியாது. ரைசன் 5600 போட்டவர் சேர்ந்துவிடுவார். ஆகவே 1155 போன்ற சாக்கெட்டில் கொட்டும் காசுக்கு ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, லினக்ஸ் பக்கம் நகரத் தயாராக இருப்பவர்தான் அதில் இறங்க வேண்டும். நான் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டேன்.

கிராஃபிக்ஸ் கார்டுக்கு முன் எஸ்எம்பிஎஸ்

இதில் எனக்குச் சூடு பட்டிருக்கிறது. பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் ஒன்று, மேலே 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கடன் வாங்கி வந்த ஒரு கார்டைப் போட்டு கேம் ஓடவிட்டால் பத்தாவது நிமிடம் சிஸ்டம் பொத்தென்று அணைந்துவிடும். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைப் பார்த்தேன்: 16 ஆம்பியர். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். ப்ராசஸரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான், 450-ஐ இல்லை.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் காசில்லை என்றால், ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் எடுத்துக்கொண்டு தனி மின் இணைப்பு கேட்காத ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மாதிரி கார்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆர்எக்ஸ் 6400 அதைவிடக் குறைவாக மின்சாரம் எடுக்கும், புதியதும்கூட. ஆனால் அது ஸ்லாட்டில் நான்கு லேன்களை (தரவு போகும் பாதைகளை) மட்டும் பயன்படுத்துவதால், பிசிஐஈ 2.0 ஸ்லாட் உள்ள என் மாதிரி போர்டில் குழாய் குறுகி மூச்சுத் திணறும். பழைய போர்டுக்குப் பழைய கார்டே பொருத்தம். ஜிடி 1030 வாங்குபவர்கள் ஜிடிடிஆர்5 வகையா என்று பாருங்கள். அதே பெயரில் வரும் டிடிஆர்4 வகையின் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபிக்குப் பதில் 16.8 ஜிபிதான்.

அப்புறம், தூசி தட்டுவதற்கும் தெர்மல் பேஸ்ட் மாற்றுவதற்கும் ஆகும் செலவு ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் தேதி தவறினால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.

கடைசியில் நான் செய்தது: 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, இன்னொரு 4 ஜிபி ஸ்டிக், இரண்டு மாதம் கழித்து ஒரு செகண்ட் ஹேண்ட் ஐ5-3470. கார்டு வாங்கவில்லை. போர்டு செத்தால் எஸ்எஸ்டியை அடுத்த சிஸ்டத்துக்கு எடுத்துப் போய்விடலாம். ரேமும் ப்ராசஸரும் இதோடு போகும், அதனால்தான் அவற்றுக்குக் குறைவாகச் செலவழித்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை இன்னும் கழற்றவில்லை. புகைப்படங்கள் எல்லாம் அதில்தான். எப்போதாவது அந்த ஃபோல்டரைத் திறந்தால் உறக்கம் கலைந்து, கரகரவென்று சுற்றத் தொடங்குகிறது.