மூலக்கூறு உடைவதைப் பதிவுசெய்யும் கருவி: ஹாம்பர்க் அருகே ஒரு வினை நுண்ணோக்கி

எக்ஸ் கதிர் பட்ட மூலக்கூறு எவ்வாறு உடைகிறது என்பதை ஆராய்வோருக்கு, ஜெர்மனியின் ஷெனஃபெல்டில் உள்ள ஐரோப்பிய எக்ஸ்ஃபெல் எனும் எக்ஸ் கதிர் லேசர் ஆய்வகத்தில், அணுக்களையும் சிறு மூலக்கூறுகளையும் ஆராயும் எஸ்.க்யூ.எஸ். நிலையமும், உடையும் மூலக்கூறின் அயனிகளைப் பதிவுசெய்யும் அங்குள்ள வினை நுண்ணோக்கியும் இன்று கிடைக்கும் மிகச் சிறந்த வசதிகளுள் அடங்கும் என்பது என் கருத்து. 2017 முதல் இயங்கும் இந்த லேசரில், முடிவுகளை வெளிப்படையாக வெளியிடும் ஆய்வாளர்களிடம் கட்டணம் பெறுவதில்லை. ஆனால் விண்ணப்பம் வல்லுநர் குழுவின் தேர்வைக் கடந்தாக வேண்டும்.

குளிர்ந்த வாயுத்தாரையின் மீது, சில பத்து ஃபெம்டோ விநாடிகளே (ஃபெம்டோ விநாடி என்பது விநாடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு இல்லை, நூறு கோடியில் ஒரு பங்கின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நீடிக்கும் எக்ஸ் கதிர்த் துடிப்பு பாய்கிறது. அயோடின் போன்ற கனமான அணு தன் உள்கூட்டு எலக்ட்ரான்களை அடுத்தடுத்து இழந்து, அண்டை அணுக்களின் எலக்ட்ரான்களையும் தன்பால் இழுப்பதால், நேர்மின்னூட்டம் மூலக்கூறு முழுவதும் பரவி, அணுக்கள் ஒன்றையொன்று விலக்கித் தெறிக்கின்றன. ஒவ்வோர் அயனியும் உணரியை அடையும் நேரத்தையும் விழும் இடத்தையும் கொண்டு அதன் தொடக்க உந்தம் கணக்கிடப்படுகிறது. 2022இல் வெளியான ஆய்வில் அயோடோபிரிடின் என்ற வளைய மூலக்கூறின் பதினோரு அணுக்களும், எக்ஸ் கதிர்கள் சிதறும் பாங்கைக் கொண்டு அமைப்பைக் கண்டறியும் விளிம்பு விளைவு முறைக்கு எளிதில் சிக்காத ஹைட்ரஜன் உட்பட, தனித்தனியே தெரிந்தன. அத்தனை அயனிகளும் ஒரே வெடிப்பில் பிடிபடுவதில்லை. அயோடினையும் நைட்ரஜனையும் அச்சாக வைத்து, எண்ணற்ற வெடிப்புகளின் தரவைத் தொகுத்தே அந்தப் படம் உருவானது. வேதியியலாளர் நெடுங்காலம் விரும்பிய காட்சி இது. அதற்காகவே இந்தக் கருவியை நான் உயர்வாக மதிக்கிறேன்.

விநாடிக்கு 27,000 துடிப்புகள் என்ற எண்ணிக்கையை மட்டும் நம்பித் திட்டமிடக் கூடாது. அவை பத்துத் தொடர்களாக, தொடருக்குள் சுமார் 220 நானோ விநாடி இடைவெளியில் வருகின்றன. கனமான அயனி உணரியை அடையவோ பல மைக்ரோ விநாடிகள் ஆகும். முந்தைய வெடிப்பின் அயனிகளோடு அடுத்ததன் அயனிகள் கலந்துவிடாதிருக்கத் துடிப்புகளைக் குறைத்தாக வேண்டும். 2023இல் முதல் ஒளியைத் தந்த கலிஃபோர்னியாவின் எல்.சி.எல்.எஸ்.-2 எனும் எக்ஸ் கதிர் லேசர், துடிப்புகளைச் சீரான இடைவெளியில் தருவதால், இந்த ஒரு வகையில் அதுவே மேல்.

ஹைட்ரஜன் புரோமைடில் 1986இல் மோரினும் நென்னரும் கண்ட, ஓஜே சிதைவுக்கு (கிளர்ந்த அணு ஓர் எலக்ட்ரானை உமிழ்ந்து ஆற்றலை இழப்பது) முன்பே பிணைப்பு அறும் அதிவேகப் பிரிகையை ஆராய்வோருக்கு இந்த நிலையம் ஏற்றதன்று. அதற்குத் தேவையான ஏறத்தாழ 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இதன் வரம்புக்குக் கீழே இருப்பதால், அவர்கள் சிங்க்ரோட்ரான் எனும் வட்டப்பாதை எலக்ட்ரான் முடுக்கிகளின் கதிர்வழிகளுக்கே விண்ணப்பிக்க வேண்டும்.