ஹக்கிள்பெரி ஃபின்: புது பைண்டிங், பழைய கோபம்

முதுகு பிளந்துபோன என் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ போன வாரம் பைண்டிங் கடையிலிருந்து திரும்பி வந்தது. தையல் உறுதியாக இருக்கிறது, விரித்து வைத்தால் மேஜையில் அப்படியே படுக்கிறது. ஓரம் வெட்டும்போது என் பென்சில் குறிப்புகளில் பாதியையும் வெட்டிவிட்டார்கள், அது வருத்தம்தான். அதே வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: “இதே கதையை ஜிம்மின் பக்கத்திலிருந்து சொல்லும் பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’ நாவலை வாங்கலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன்னால் மார்க் ட்வைனின் பழைய நாவலைப் படித்தே ஆகவேண்டுமா?” போனில் ஏதோ பதில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் மனசு அடங்காததால் இதை எழுதுகிறேன்.

கதைச் சுருக்கம் யாருக்கும் தேவைப்படாது. குடிகாரத் தகப்பனிடமிருந்து தப்பிய பையன் ஹக், தெற்கே விற்றுவிடுவார்கள் என்று தெரிந்து ஓடிவந்த அடிமை ஜிம், மிசிசிப்பியில் ஒரு தெப்பம். இத்தனை வருடம் கையில் வைத்திருந்தவனாக முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது.

1876-இல் வந்த ‘டாம் சாயர்’ நாவலில் இதே ஊர், இதே பையன்கள். ஆனால் அங்கே கதை சொல்பவர் ட்வைன். மேலே நின்று பார்த்து, சிரித்து, விளக்கிச் சொல்வார். இந்த நாவலில் அவர் விலகிக்கொண்டு, பள்ளிக்கூடம் சரியாகப் போகாத ஹக்கிடம் முழுக் கதையையும் கொடுத்துவிட்டார். அந்த ஒரு முடிவுதான் இந்தப் புத்தகம். ஓடிப்போன அடிமைக்கு உதவுவது பாவம் என்று ஹக் உண்மையாகவே நம்புகிறான். அது பாவமில்லை என்று அவனுக்குச் சொல்ல பக்கத்தில் யாரும் இல்லை. ஆசிரியர்கூட வந்து சொல்வதில்லை. 31-ஆம் அத்தியாயத்தில், ஜிம்மின் எஜமானி மிஸ் வாட்சனுக்கு எழுதிய காட்டிக்கொடுக்கும் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்குகிறான். பிறகு, சரி, நரகத்துக்கே போகிறேன் என்று அதைக் கிழித்துப் போடுகிறான். அவனைப் பொறுத்தவரை அது நிஜ நரகம். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இந்த மனசாட்சி ட்வைனின் சொந்த பால்யத்திலிருந்து வந்தது. 1835-இல் மிசௌரியில் பிறந்து, நான்கு வயதிலிருந்து ஹானிபல் ஊரில் வளர்ந்தவர். மிசௌரி அடிமை முறை இருந்த மாநிலம், அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். பள்ளிப் பருவத்தில் அதில் தப்பு இருப்பதாகவே தனக்குத் தோன்றவில்லை, அதைக் கடவுள் ஏற்றுக்கொண்டதாகத்தான் உள்ளூர்ப் பிரசங்க மேடை சொல்லிக்கொடுத்தது என்று பின்னாளில் அவரே எழுதினார். மாமாவின் பண்ணையில் இருந்த அங்கிள் டேனியல் என்ற அடிமைதான் ஜிம்முக்கு முன்மாதிரி. ஊர் சொல்லிக்கொடுத்தது ஒன்று, அந்த மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டபோது உணர்ந்தது இன்னொன்று. ஹக்கின் தலைக்குள் நடக்கும் சண்டை இதுதான்.

ஆறும் அப்படித்தான் வந்தது. ட்வைன் 1859-இல் நீராவிப் படகு பைலட் உரிமம் பெற்றவர். அவர் ஓட்டியது செயின்ட் லூயிஸுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடைப்பட்ட கீழ் மிசிசிப்பியில். ஜிம்முக்குத் தேவை இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ ஊரில் இறங்கி, ஓஹியோ ஆற்றில் மேலேறி, அடிமை முறை இல்லாத மாநிலங்களுக்குப் போவது. ஆனால் ட்வைனுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரிந்த தண்ணீர் தெற்கே ஓடியது. மூடுபனியில் கெய்ரோ தவறிப்போகிறது, தப்பி ஓடுகிறவன் அடிமை நாட்டுக்குள்ளேயே ஆழமாகப் போகிறான். 1876-இல் தொடங்கிய கையெழுத்துப் பிரதி வருடக்கணக்கில் தூங்கியது. 1882-இல் மறுபடி அந்த ஆற்றில் பயணம் போய்வந்த பிறகு, 1883 கோடையில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில், மனைவியின் அக்கா வீட்டுப் பண்ணையில் உட்கார்ந்து முடித்தார். அமெரிக்காவில் புத்தகம் வந்தது 1885 பிப்ரவரியில்.

இனி என் எரிச்சல்.

மொத்தம் 43 அத்தியாயங்கள். 32-இல் ஹக், பிடிபட்ட ஜிம்மை அடைத்து வைத்திருக்கும் ஃபெல்ப்ஸ் பண்ணைக்கு வருகிறான், அடுத்ததில் அவன் நண்பன் டாம் சாயர் வந்து சேர்கிறான். என் பிரதியில் முன்பகுதி முழுக்க ஓரங்களில் பென்சில், கடைசிப் பன்னிரண்டு அத்தியாயங்களில் மட்டும் வெற்றுத் தாள். ஜிம்மைக் குடிசையில் சங்கிலியால் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டில் காலைத் தூக்கினால் சங்கிலி கழன்று வந்துவிடும். டாமுக்கு அது போதவில்லை. அவன் படித்த சாகசக் கதைகளில் கைதிகள் எப்படித் தப்பினார்களோ அப்படியே நடக்க வேண்டுமாம். எலி, பாம்பு, சிலந்தி எல்லாவற்றையும் பிடித்துவந்து ஜிம்மின் குடிசைக்குள் விடுகிறார்கள். சட்டையில் ரத்தத்தால் எழுதச் சொல்கிறார்கள். கல்லில் வாசகம் செதுக்க ஒரு பெரிய அரைகல்லை உருட்டி வருகிறார்கள், பையன்களால் முடியவில்லை. என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஜிம்மையே வெளியே கூட்டிவந்து, அவன் கையாலேயே உருட்டவைத்து, திரும்பவும் உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் பூட்டுகிறார்கள்.

வெளியே வந்துவிட்ட மனிதன் மறுபடி உள்ளே போகிறான். எனக்கு இந்தப் பக்கம் ஒருபோதும் பழகவில்லை.

இப்படியே மூன்று வாரம் ஓடுகிறது. கடைசியில் தெரிகிறது: மிஸ் வாட்சன் இறந்து இரண்டு மாதமாகிறது, ஜிம்முக்கு விடுதலை என்று உயிலில் எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். டாமுக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும். பொறுமையாகக் கைதியாக இருந்ததற்கு ஜிம் கையில் நாற்பது டாலர் கொடுக்கிறான், ஜிம்மும் சந்தோஷப்படுகிறான்.

அப்புறம் அவன் குடும்பம்? 16-ஆம் அத்தியாயத்தில் ஜிம் தன் திட்டத்தைச் சொல்கிறான்: காசு சேர்த்து மனைவியை வாங்க வேண்டும், இரண்டு பேரும் உழைத்துப் பிள்ளைகளை வாங்க வேண்டும். 23-இல், காய்ச்சலால் காது கேட்காமல் போனது தெரியாமல் தன் சின்ன மகளை அடித்துவிட்டதை நினைத்து அழுகிறான். அந்த மகளைப் பற்றிக் கடைசி அத்தியாயத்தில் ஒரு வரி கிடையாது. யாரும் கேட்கவில்லை. ஹக்கும் கேட்கவில்லை. டாம் பக்கத்தில் வந்ததும் ஹக்கின் கண் முழுக்க டாம் மேல்தான். ஹக் பார்க்காததை நம்மாலும் பார்க்க முடியாது. தெப்பத்தில் ஜிம்மை நமக்கு அவ்வளவு நெருக்கமாகக் காட்டிய அதே குரல், இங்கே அவனைக் காணாமல் அடித்துவிடுகிறது.

நியாயமாகப் பேச வேண்டும் என்று நானும் முயன்றிருக்கிறேன். நவீன அமெரிக்க இலக்கியம் முழுக்க இந்த ஒரு நாவலிலிருந்து வருகிறது என்று 1935-இல் எழுதிய ஹெமிங்வே, ஜிம் பறிபோகும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள், மீதி ஏமாற்று என்றார். ஆனால் சொன்னபடியே அங்கே நிறுத்தினால், அதே அத்தியாயத்தில் அடுத்து வரும் கடிதம் கிழிக்கும் காட்சியும் போய்விடும்! கவிஞர் டி.எஸ். எலியட் 1950-இல் நாவலின் முடிவு சரிதான் என்று வாதாடினார், விமர்சகர் லியோ மார்க்ஸ் 1953-இல் அதை மறுத்தார். எனக்கு ஓரளவு ஏற்புடையது வேறொரு விளக்கம்: உள்நாட்டுப் போருக்குப் பிறகு சட்டப்படி விடுதலையான கறுப்பின மக்களை, 1877-இல் மத்திய அரசின் படைகள் தெற்கிலிருந்து விலகிய பின் வேறு வழிகளில் திரும்பவும் கட்டிப்போட்டார்கள், ஏற்கெனவே விடுதலையானவனை விடுவிப்பதாகச் சொல்லி வதைக்கும் டாம் அந்தக் காலத்தின் படம். நல்ல விளக்கம். ஆனால் பக்கத்தைத் திறந்தால் என் காதில் விழுவது விமர்சனமல்ல, மேடைச் சிரிப்பு.

மேடை என்று காரணத்தோடுதான் சொல்கிறேன். ட்வைன் மேடையில் கூட்டத்தைச் சிரிக்கவைத்தே வளர்ந்தவர். 1884-85 குளிர்காலத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் கேபிள் என்ற தெற்கத்திய எழுத்தாளரோடு ஊர் ஊராகப் போய் வாசித்தார், இந்தத் தப்பிக்கும் காட்சிகளை வாசித்தபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதே பயணத்தின் நடுவில், 1885 ஜனவரியில், விடுதலையான கறுப்பினத்தவருக்கு மறுக்கப்படும் நீதியைப் பற்றி ‘செஞ்சுரி’ இதழில் கேபிள் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெற்கு அவர்மேல் பாய்ந்தது. கேபிள் போரில் தெற்குப் படையில் இருந்தவர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். ஒரே மேடையில் நின்ற இருவரில் ஒருவர் விலை கொடுத்தார், இன்னொருவர் கைதட்டல் வாங்கினார். அதே 1885-இல் யேல் சட்டக் கல்லூரியில் ஒரு கறுப்பின மாணவரின் செலவை ட்வைன் ஏற்றார், அவமானம் வெள்ளையர்களுடையது என்று கடிதமும் எழுதினார். மனிதருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவர் கையிலிருந்து இந்த முடிவு வந்ததுதான் என்னால் தாங்க முடியாதது.

வாங்குகிறவர்களுக்கு: முதல் பதிப்பில் விட்டுவிட்ட தெப்பக்காரர்கள் பகுதியை 16-ஆம் அத்தியாயத்தில் திரும்பச் சேர்த்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பே நல்லது. கறுப்பினத்தவரைக் குறிக்கும் வசைச்சொல்லை நீக்கி ‘அடிமை’ என்று மாற்றிய 2011 பதிப்பு வேண்டாம்.

நண்பருக்கு: ‘ஜேம்ஸ்’ முதலில் வாங்குங்கள். அதில் ஜிம்மே பேசுகிறான், ஃபெல்ப்ஸ் பண்ணை வேடிக்கை கிடையாது, மனைவியையும் மகளையும் தேடி அவனே போகிறான். பழைய நாவலில் எனக்குத் தெரிந்த எந்த அமெரிக்கக் கதையிலும் இல்லாத இரண்டு அத்தியாயங்கள் இருக்கின்றன, ஹக் ஜிம்மிடம் மன்னிப்புக் கேட்கும் 15-உம் கடிதம் கிழிக்கும் 31-உம். அதற்காகவே காசு கொடுத்துத் திரும்பத் தைத்தேன், இன்னொரு முறை பிளந்தாலும் தைப்பேன். ஆனால் நேற்று ராத்திரி கடைசி அத்தியாயத்தை மறுபடி படித்தேன். என் மதிப்பெண் 5-க்கு 2.