பாட்டா, பட அட்டையா, வாய் விளையாட்டா? சின்னப் பிள்ளைக்கு ஒத்த ஓசைச் சொல் பழக்குவது

புல்மோட்டை பஸ் திருகோணமலை நிலையத்திலிருந்து புறப்படும் நேரம் நடத்துனர் வாசலில் நின்றுகொண்டு "உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி" என்று ஒரே மூச்சில் கூப்பிடுவார். எங்கள் முன்பள்ளியில் படிக்கும் நாலரை வயதுப் பிள்ளை ஒருத்தி ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "ரீச்சர், எல்லாம் வெளி வெளி எண்டு முடியுது" என்றாள். பக்கத்தில் நின்ற அம்மாவுக்குப் பெரிய பெருமை, பிள்ளைக்கு ஒத்த ஓசை பிடிபட்டுவிட்டது என்று. எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் பிடிபட்டது முதல் படி. 'வெளி' என்ற ஒரே சொல் மூன்று ஊர்ப்பெயரில் திரும்பத் திரும்ப வருவதை அவள் கேட்டிருக்கிறாள். வெளி, கிளி, புளி மூன்றும் வேறு வேறு சொற்கள், இருந்தாலும் காதுக்கு ஒரு குடும்பம் என்று கேட்பது இரண்டாவது படி. நாங்கள் 'வெளி' என்றதும் 'துளி' என்று அவளே எடுத்துத் தருவது மூன்றாவது. கேட்டுக் கண்டுபிடிப்பது முன்னாலும் தானாகச் சொல்வது பின்னாலும்தான் வரும். இந்த வரிசை தெரியாமல் முதல் நாளே "மரம், இதுக்கு ஒத்த சொல் சொல்லுங்கோ" என்று கேட்டால் பிள்ளை எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், வேறென்ன செய்யும்.

11 வருடமாக மூன்று வழிகளில் இதைப் பழக்கிப் பார்த்திருக்கிறேன்: பாட்டு, பட அட்டை, பிறகு ஒரு சாமானும் இல்லாமல் வெறும் வாயால் விளையாடுவது. எது நல்லது என்று பெற்றோர் கேட்டால் என் வாக்கு மூன்றாவதற்குத்தான். மற்ற இரண்டும் செய்கிற வேலையை அது முழுதாகச் செய்துவிடாது என்பதும் உண்மை.

முதலில் பாட்டு. எல்லாரும் இதில்தான் தொடங்குகிறோம், தொடங்கவும் வேண்டும். ஆனால் நாங்கள் பாடும் பாட்டில் ஒத்த ஓசை எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒருதடவை உற்றுக் கேளுங்கள். நிலாவை ஓடி வரச் சொல்லும் அந்தப் பழைய பாட்டில் ஒவ்வொரு அடியும் 'வா' என்று முடிகிறது. அது அதே சொல் திரும்ப வருவது, எங்கள் ஊர் 'வெளி' மாதிரி. அதன் அழகு அடிகளின் தலையில் இருக்கிறது, நிலா – நில்லாமல், மலை – மல்லிகை என்று முதலெழுத்து சேர்வதில். அதைத்தான் மோனை என்கிறோம். பிள்ளை அந்தப் பாட்டை ஒரு எழுத்துப் பிசகாமல் பாடும், கையை ஆட்டும், ஆனால் 'மலை'க்கு ஒத்த சொல் கேட்டால் 'கலை' வராது, 'இலை' வராது. பாட்டு மனப்பாடமாகியிருக்கிறது, காது இன்னும் வேலைக்குப் போகவில்லை.

பாட்டைக் கொண்டு காதை வேலை வாங்க ஒரு வழி உண்டு, கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டுப் பிள்ளையிடம் விடுவது. பிரட்ரிக் கோட்டைக்குள் மான் பார்க்கப் போய் வந்த நாளில் நான் கட்டிய இரண்டடி இது:

கோட்டைக்குள்ளே நிற்குது மான்,
சேட்டை செய்யப் போவது நான்!

இரண்டு தடவை முழுதாகச் சொல்லிவிட்டு, மூன்றாம் தடவை 'சேட்டை செய்யப் போவது' என்று நிறுத்தினால் மூன்றரை வயதுப் பிள்ளைகூட 'நான்!' என்று கத்தும். அடுத்த நாள் 'மான்' இருந்த இடத்தில் 'குட்டி' என்று மாற்றிவிட்டு நிறுத்தினேன், ஒரு பையன் கொஞ்சம் யோசித்து 'சேட்டை செய்யப் போவது சுட்டி' என்றான். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் அதே பாட்டில் 'சேட்டை'யை விழுங்கிப் பாருங்கள், ஒரு பிள்ளையும் வாய் திறக்காது. அடியின் தலையில் இருக்கும் சொல்லுக்கு ஓடி வந்து சேர வழியில்லை, அந்த அடியில் அதற்கு முன்னால் எதுவும் சொல்லப்படாததால் பிள்ளைக்குப் பிடிமானம் கிடைக்காது. ஆகவே விடுபட்ட சொல் விளையாட்டில் பாட்டு பழக்குவது அடியின் வாலை மட்டும்தான்.

தமிழுக்கு வால் மட்டும் போதுமா என்பதுதான் கேள்வி. ஆங்கிலத்தில் 'பென், டென், ஹென்' என்று சொல்லின் வாலைத்தான் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகள் சொல்லும் கவியிலும் அடிகள் ஒரே ஓசையில் முடியும், எளிசமய என்பார்கள். தமிழில் வால் ஒப்பது இயைபு, அதுவும் நல்லதுதான், ஆனால் எங்கள் மொழியில் சொல்லின் வால் முழுக்க இலக்கணம் தொங்குகிறது. 'கடலில்' என்று நான் சொன்னால் பிள்ளை 'மணலில், படகில், பஸ்ஸில்' என்று அடுக்கும். வந்தான் என்றால் போனான், சொன்னான், படுத்தான். கேட்பவர்கள் கைதட்டுவார்கள். பிள்ளை இங்கே ஓசையைத் தேடவில்லை, தினமும் பேசும்போது ஒட்டும் ஒட்டைத்தான் ஒட்டியிருக்கிறது. தமிழ்க் காதுக்கு உண்மையான வேலை எதுகையில் இருக்கிறது: இரண்டாம் எழுத்து ஒத்து வர வேண்டும், முதலெழுத்து குறிலென்றால் குறில், நெடிலென்றால் நெடில். பட்டு – கட்டு சேரும், பாட்டு – கேட்டு சேரும், பட்டு – பாட்டு சேராது. இதை விதியாக எந்தச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்க முடியாது, சொல்லவும் தேவையில்லை. ஏன் என்று வாய் விளையாட்டில் சொல்கிறேன்.

அதற்கு முன் பட அட்டை. மூன்று படம் வைத்து 'எது சேராது' என்று கேட்பது. நான் முதன்முதலில் செய்த அட்டை நாய், பாய், பூனை. பாயைத்தான் எல்லாரும் தூக்கிக் கொடுத்தார்கள், நாயும் பூனையும் மிருகம், பாய் மிருகமில்லை, கணக்குச் சரிதானே? பிள்ளை பொருளைக் கேட்கிறது, நாங்கள் ஓசையைக் கேட்கிறோம். பிறகு எலி, புலி, மாடு என்று மாற்றினேன். மூன்றும் மிருகம், இனிப் பொருளை வைத்துப் பிரிக்க வழி கிடையாது, காதால்தான் பிரிக்க வேண்டும். அட்டை செய்பவர்கள் இந்த ஒன்றைக் கவனித்தால் போதும், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மற்றப் பாதி, படத்துக்குப் பிள்ளை என்ன பெயர் வைத்திருக்கிறது என்பது. நான் குடம் என்று வரைந்ததை ஒருத்தி 'தண்ணிப் பானை' என்றாள். குடம் – வடம் அங்கேயே உடைந்து போனது. அப்புறம், ஓடு, பாடு, தேடு என்று செயலைக் காட்டும் சொற்களைப் படமாக்குவதும் சிரமம்.

இவ்வளவு குறை சொன்னாலும் அட்டையை நான் தூக்கிப் போடமாட்டேன். சொல்லாகவே மூன்றைச் சொன்னால் மூன்றாவது வருவதற்குள் முதலாவதை மறந்துவிடும் வயது அது, படம் பாயில் கிடந்தால் மறக்காது. பேசக் கூச்சப்படும் பிள்ளை விரலால் தொட்டுக் காட்டலாம். இன்னொன்றும் இருக்கிறது, அதை நான் மறக்கவே மாட்டேன். எங்களிடம் ஒரு பையன் எல்லாப் பாட்டுக்கும் மற்றவர்களோடு சேர்ந்து வாயசைப்பான், ஒரு வருடம் அவனில் எந்தக் குறையும் எங்களுக்குத் தெரியவில்லை. தனியாக உட்கார்த்தி அட்டை வைத்தபோதுதான் அவன் குருட்டுவாக்கில் தொடுகிறான் என்று கண்டேன். அவன் அம்மா காது வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார், காதுக்குள் நீர் தேங்கியிருந்தது. கூட்டமாகப் பாடும்போது கேட்காத பிள்ளை ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது, அட்டைக்கு முன்னால் ஒளிய இடமில்லை. அதனால் தவணைக்கு ஒருமுறை, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக, அட்டை. தினமும் வேண்டாம்.

சரி, வாய் விளையாட்டு. ஒத்த ஓசைச் சொல் செய்வது எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். எந்த வீட்டிலும் கேளுங்கள்: "மாடு கீடு வந்திடும், கேற்றைப் பூட்டு", "பாம்பு கீம்பு இருக்கும், அந்தப் பக்கம் போகாதை", "பணம் கிணம் இருக்கோ?" முதலெழுத்தை எடுத்துவிட்டு 'கி' அல்லது 'கீ' போட்டு, மிச்சத்தை அப்படியே விடுகிறோம். பணம் என்றால் கிணம், பாம்பு என்றால் கீம்பு. குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். யாரும் 'பாம்பு கிம்பு' என்பதில்லை. நாலு வயதுப் பிள்ளையும் சொல்லாது. எதுகைக்கு இலக்கணம் கேட்கும் அந்த அளவு அதன் நாக்கில் இருக்கிறது, அம்மம்மாவின் பேச்சைக் கேட்டே வந்தது அது.

அதனால் அங்கே தொடங்குகிறேன். நான் ஒரு சொல், பிள்ளை அதன் 'கீ' சொல். மாடு என்றால் கீடு, தேங்காய் என்றால் கீங்காய், புட்டு என்றால் கிட்டு. இரண்டு மூன்று நாளில் சரளமாகிவிடும், சிரிப்பும் தாங்காது. பிறகு, "இண்டைக்கு 'கீ' நித்திரை, வேற எழுத்துப் போடுங்கோ" என்பேன். மாடு, கீடு... வீடு! கூடு, காடு, ஓடு, தேடு. பணம், கிணம்... குணம், மணம். ஒரு பையன் 'பிணம்' என்றான், கூப்பிட வந்த அவன் அம்மம்மா "ஐயோ, என்ன பேச்சு ராசா" என்று வாயில் கை வைத்தார். நான் அவரிடம் சொன்னேன், "அம்மா, சொல்லைப் பாராதேங்கோ, ஓசையைப் பாருங்கோ, இவன் காது நல்ல கூர்மை." பொருளே இல்லாத சொல் வந்தாலும் ஏற்றுக்கொள்வேன். 'லாடு', 'ஙாடு' எல்லாமே சரிதான். பொருளைத் தேட வைத்தால் பிள்ளை நின்றுவிடும், ஓசை முதலில் ஓடட்டும். கிளி என்று கொடுத்தால் மட்டும் விளையாட்டு முட்டிக்கொள்ளும், அதில் ஏற்கெனவே 'கி' இருக்கிறதே. அதையும் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள்.

வீட்டில் பேசுகிற வடிவத்திலேயே சொல்லைக் கொடுங்கள், இது முக்கியம். கல், பல், நெல் என்று எழுத்துத் தமிழில் சொன்னால் பிள்ளைக்கு இறுக்கமாக இருக்கிறது. கல்லு, பல்லு, நெல்லு, புல்லு, வில்லு என்றால் கொட்டும். கறியும் நரியும் சேரும் என்று பிள்ளை சொன்னால் அது சரி, எங்கள் பேச்சில் அந்த 'ற'வும் 'ர'வும் ஒன்றாகத்தான் கேட்கின்றன. எழுத்து வேறு என்பது தரம் 1க்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியது, இப்போது திருத்தினால் காதை நம்பாதே என்று சொன்னதாகிவிடும். கடற்கரைப் பிள்ளைகள் பாரை, சூரை, சாளை, வாளை என்று மீனாலேயே விளையாடுவார்கள், என்னை விட அவர்களுக்கு நிறையத் தெரியும்.

இதெல்லாம் வாசிப்புக்கு உதவுமா என்று சில அப்பாமார் நேராகவே கேட்பார்கள். 1983இல் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்ற இருவர் நேச்சர் சஞ்சிகையில் எழுதிய ஆய்வு இந்தத் துறையில் பெயர் பெற்றது. வாசிக்கத் தொடங்காத 4, 5 வயதுப் பிள்ளைகளில் ஓசை ஒப்பதைப் பிரித்தறிந்தவர்கள் பின்னாளில் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னே நின்றார்கள். ஓசைப் பயிற்சியோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் கொடுத்துப் பழக்கிய குழு மிக நன்றாகச் செய்தது. ஆனால் அது ஆங்கிலப் பிள்ளைகளைப் பற்றியது, அப்படியே எங்கள் பிள்ளைகள் மேல் தூக்கி வைக்க எனக்கு மனமில்லை. தமிழில் 18 மெய்யும் 12 உயிரும் கலந்து 216 உயிர்மெய் வருகிறது, எல்லாம் சேர்த்து 247. காய், பாய், வாய், நாய், தாய் என்று விளையாடும் பிள்ளையின் வாயில் மெய் மாறுகிறது, 'ஆ' அசையாமல் நிற்கிறது. பிறகு கொப்பியில் கா, பா, வா, நா, தா என்று எழுதும்போது அரவு (ா) அசையாமல் நிற்பதைக் கண் பார்க்கும். காதுக்குத் தெரிந்த ஒன்றைக் கண் அடையாளம் காண்கிறது, அவ்வளவுதான். இதில் நான் ஐந்து வயதுக்குக் கிட்ட எழுத்து அட்டையையும் சேர்க்கிறேன், அதற்கு முன் இல்லை.

போனில் ஓடும் பாட்டுக் காணொளிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடைக்கும் வேலைக்கும் ஓடும் தாய்மாருக்கு அது எவ்வளவு உதவி என்று எனக்குத் தெரியும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காணொளி பிள்ளையின் பதிலுக்காக நிற்காது. 'சேட்டை செய்யப் போவது' என்று நிறுத்திவிட்டு, பிள்ளை யோசிக்கும் அந்த நாலு விநாடி காத்திருக்க ஒரு ஆள் வேண்டும். போட்டாலும் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்திப் பிடியுங்கள்.

நேரத்தைக் கேட்டால் வாய் விளையாட்டுக்கு ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும், அதுவும் தனியாக ஒதுக்கும் ஐந்து நிமிடமில்லை. கிண்ணியா பஸ்ஸில், குளிக்க வார்க்கும்போது, தேங்காய் துருவும்போது. மூன்று வயதில் கேட்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். நாலில் 'கீ' தொடங்குங்கள். நாலரை, ஐந்தில் 'கீ'யை நித்திரைக்கு அனுப்புங்கள். ஒரு பிள்ளை பிந்தினால் பதறாதீர்கள், மற்றப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள், ஐந்து தாண்டியும் எலி – புலியை மாட்டிலிருந்து பிரிக்கவே முடியவில்லை என்றால் காதை ஒருதடவை காட்டுங்கள்.

அந்த 'வெளி வெளி' பிள்ளை இப்போது 'கீ' நித்திரை விளையாட்டில் இருக்கிறாள். போன கிழமை அவளும் அம்மாவும் நானும் அதே பஸ்ஸில் ஏறினோம், நடத்துனர் வழமைபோலக் கூப்பிட்டார். அவள் யன்னலோரம் இருந்து மெதுவாகத் தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்: "நிலாவெளி, நிலாக்கிளி, நிலாப்புளி, நிலாக்குளி." சாம்பல்தீவுப் பாலம் வரும் வரைக்கும் அவள் நிறுத்தவில்லை.