கேம் நடுவே கணினி படுத்துவிடுகிறதா? எந்தச் சோதனை எதைப் பிடிக்கும்

கிராபிக்ஸ் கார்டுக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க் அரை மணி நேரம் ஓடியும் ஒன்றும் ஆகவில்லை. கேமைத் திறந்தால் பத்தே நிமிடத்தில் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது. உடனே "கிராபிக்ஸ் கார்டில் குறை இல்லை" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவசர முடிவு அது. ஒவ்வொரு சோதனை மென்பொருளும் ஒருவகைக் கோளாறைத்தான் பிடிக்கும், மற்றதைத் தப்பவிடும்.

எதை ஓட்டுவது என்று யோசிப்பதற்கு முன் விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து பாருங்கள். அங்கே வரும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு, கணினி முறையாக மூடப்படவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. அதன் விவரங்கள் பகுதியில் பக்செக்கோட் என்ற வரி இருக்கும். அந்த எண்தான் முக்கியம். 0 என்றால் நீலத்திரை பதிவாகவே இல்லை: மின்சாரம் சட்டென்று அறுந்திருக்கும், அல்லது திரை உறைந்து நீங்களே பட்டனை அழுத்தி அணைத்திருப்பீர்கள். 278 என்றால் கிராபிக்ஸ் டிரைவர் பதில் தராமல் போனது. 292 வன்பொருள் பிழை. 26 வந்தால் முதல் சந்தேகம் ரேம் மேல் விழட்டும்.

ஃபர்மார்க்கா, ஓசிசிடியா

ஃபர்மார்க் நல்ல வெப்பச் சோதனை. விசிறி, தெர்மல் பேஸ்ட், கேபினெட் காற்றோட்டம் ஆகியவற்றைச் சோதிக்க அது போதும். அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. சுமை அதிகமானதும் கார்டு தன் மின் வரம்பில் முட்டி, கடிகார வேகத்தையும் வோல்டேஜையும் தானே குறைத்துக்கொள்கிறது. கேமில் ஓடும் வேகத்தைவிடப் பல நூறு மெகாஹெர்ட்ஸ் குறைவாக அது ஓடுவதை, கார்டின் வேகத்தைக் காட்டவும் மாற்றவும் உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் நேரடியாகவே பார்க்கலாம். உச்ச வேகத்தில்தான் கார்டு தடுமாறும் என்றால், அந்த உச்சத்தை ஃபர்மார்க் தொடுவதே இல்லை. தவிர, அதன் சுமை ஒரே சீராக இருக்கும். கேமில் அப்படி இல்லை. லோடிங் திரையில் ஓய்ந்திருக்கும் கார்டு, அடுத்த நொடியே முழுச் சுமைக்குத் தாவுகிறது. பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று கணினியை அணைப்பது பெரும்பாலும் இந்தத் தாவலில்தான்.

ஓசிசிடி இன்னொரு சோதனை மென்பொருள். அதன் 3டி அடாப்டிவ் சோதனையில் சுமையை ஏற்றி இறக்க முடியும், பிழைகளையும் எண்ணிக் காட்டும். அதே மென்பொருளில் உள்ள பவர் சோதனை, சிபியுவையும் கார்டையும் ஒன்றாக இழுக்கும். இரண்டில் ஒன்றுதான் ஓட்ட நேரம் என்றால் ஓசிசிடியே என் தேர்வு.

அதைவிடப் பயனுள்ள சோதனைக்குத் தனி மென்பொருளே வேண்டாம், கேமே போதும். ஆஃப்டர்பர்னரில் கோர் கிளாக்கை 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்து விளையாடுங்கள். கிராஷ் நின்றால் கார்டோ அதன் ஓவர்கிளாக்கோ (வழக்கத்தைவிட உயர்த்திய வேகம்) காரணமாக இருக்கலாம். நிற்கவில்லையா, கிளாக்கைப் பழையபடி வைத்து பவர் லிமிட்டை 70 சதவீதமாக்கி, ஃபிரேம் ரேட்டையும் 60இல் கட்டுங்கள். இப்போது நின்றால் பவர் சப்ளை மேல் கண் வைக்கலாம். புதிதாக ஒன்றை வாங்கும் முன் கேபிளைப் பாருங்கள். ஒரே கேபிளில் இரண்டு 8-பின் தலைகள் தொங்கி, இரண்டும் கார்டில் செருகியிருந்தால், தனித்தனிக் கேபிள்களாக மாற்றுங்கள். ஒரு 8-பின் இணைப்பின் வரையறை 150 வாட். வாங்கியே ஆக வேண்டும் என்றால் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிப்படியானதைத் தேடுங்கள். நொடிப்பொழுதுத் தாவல்களைத் தாங்குவதற்கென்றே அந்த விதியில் அளவுகள் உண்டு.

ரேம்: மூன்று வழிகள்

விண்டோஸில் வரும் மெமரி டயக்னாஸ்டிக் எளிது, ஆனால் மேலோட்டமானது. பிழை காட்டினால் நம்புங்கள், காட்டவில்லை என்றால் நம்பாதீர்கள். மெம்டெஸ்ட்86ஐ யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து, இலவசப் பதிப்பு தரும் 4 சுற்றுகளையும் முடிக்க விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். இதற்கும் எல்லை உண்டு. சோதனையின்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது, கேபினெட் சூடாவதில்லை. கேமில் கார்டு கக்கும் அனல் நேராக ரேம் மேல் படும்.

ஆகவே மூன்றாவது வழியை முதலில் செய்யுங்கள்: பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்துவிட்டு இரண்டு நாள் விளையாடுங்கள். ஃபிரேம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கிராஷ் நின்றுபோனால், ரேம் வேகத்தை ஒரு படி இறக்கியே வைத்துக்கொள்ளலாம்.

சிபியு

சிபியுவைச் சோதிக்கும் பிரைம்95க்கும் ஃபர்மார்க்கின் அதே குறை: எல்லாக் கோர்களும் ஒரே சுமையில் இருப்பதால் எந்தக் கோரும் உச்ச வேகத்தைத் தொடாது. ஏஎம்டி ரைசன் சிபியுவில் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பைப் போட்டு வோல்டேஜைக் குறைத்தவர்கள் கோர்சைக்ளரை ஓட்ட வேண்டும். அது ஒவ்வொரு கோராகச் சோதிக்கும். ஈவன்ட் வியூவரில் வீயா-லாகர் 18 என்ற வன்பொருள் பிழை பதிவாகியிருந்தால், அதிலுள்ள ஏபிக் ஐடி என்ற எண் எந்தக் கோர் தடுமாறியது என்பதற்குத் துப்பு தரும்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியு வைத்திருப்பவர்கள் கவனிக்க. ஷேடர் (காட்சிகளை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று கேம் மூடுகிறது, ஆனால் கார்டில் மெமரி தாராளமாக இருக்கிறது என்றால், கார்டை விட்டுவிட்டு சிபியுவைப் பாருங்கள். 2024இல் இன்டெல் இதற்கு மைக்ரோகோட் (சிபியுவின் உள் நிரல்) திருத்தங்களை வெளியிட்டு, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டித்தது. அவற்றைக் கொண்டுவரும் பயாஸ் அப்டேட் மேற்கொண்டு சேதமாவதைத் தடுக்கும், கெட்டுப்போன சில்லைச் சரிசெய்யாது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

டிரைவர்

பழையதன் மேல் புதியதைப் போடுவது பெரும்பாலும் போதும். 278 திரும்பத் திரும்ப வந்தால் மட்டும், பழைய டிரைவரை முழுதாக நீக்கும் டிடியு மென்பொருள். இணைய இணைப்பைத் துண்டித்து, சேஃப் மோடில் ஓட்டுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் முந்திக்கொண்டு வேறொரு டிரைவரைப் போட்டுவிடும். ஒரே ஒரு கேம் மட்டும் மூடி, மற்றவை மணிக்கணக்கில் ஓடினால் இது எதுவும் முதலில் வேண்டாம். அந்தக் கேமின் ஃபைல்களைச் சரிபார்த்து, ஷேடர் கேஷை அழித்து, கேமின் மேல் தோன்றும் ஓவர்லேகளை அணைத்துப் பாருங்கள்.