ஊர்ப் பள்ளியா, வேன் பள்ளியா?

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் மே மாதம் வந்தாலே இதே பேச்சுதான். பிள்ளையை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் சேர்ப்பதா, டவுன் மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றுவதா? என் மகள் ஊர்ப் பள்ளி, அக்கா மகன் வேன் பள்ளி. இருவரும் இரண்டாம் வகுப்பு.

வேன் ஏழரைக்கே வந்துவிடும். பாதி இட்லியோடு அவன் ஓடுவான். மகளுக்குப் பள்ளியிலேயே காலை உணவு. 2022 செப்டம்பரில் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய திட்டம், அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. பொங்கல், சாம்பார் என்றால் தானாகவே சீக்கிரம் கிளம்பிவிடுவாள். விடியலில் காட்டு வேலைக்குப் போகிற அம்மாக்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆங்கிலத்தில் அவன்தான் முந்தி. கையெழுத்தும் அழகு. ஆனால் போன மாதம் இருவருக்கும் அன்றைய நாளிதழைக் கொடுத்துப் பார்த்தேன். மகள் தலைப்பை எழுத்துக்கூட்டி, கீழே நாலு வரியும் படித்துவிட்டாள். அவன் முதல் சொல்லிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தான். அவன் கெட்டிக்காரன்தான், பாடத்தை மனப்பாடமாகச் சொல்லிவிடுவான். மகள் பள்ளியில் அரசின் 'எண்ணும் எழுத்தும்' முறைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து, பிள்ளைக்கு எது வருகிறதோ அங்கிருந்து தொடங்குகிறார்கள். பள்ளி முழுக்க மொத்தமே 20 சொச்சம் பேர். யாருக்கு எந்த எழுத்து தடுக்கிறது என்று டீச்சருக்குத் தெரியும்.

அந்த 20தான் கவலையும். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில். 60ஐத் தாண்டினால் மூன்றாவது ஆசிரியர் கேட்கலாம். பிள்ளைகள் ஊரில் இல்லாமல் இல்லை, வேனில் போகிறார்கள்.

செலவைச் சொல்லவே வேண்டாம், வேனுக்கு மட்டுமே தனிக் கட்டணம். அதே சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடம் கிடைத்தாலும் 8ஆம் வகுப்போடு சரி. மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 25 சதவீதத்தில் சேர்ந்தவர்கள் என்றால் 9 முதல் 12 வரை. ஆகவே தொடக்கப்பள்ளியைத் தேர்ந்தெடுக்க அது காரணமாகாது.

தாய்மொழியில் வாசிப்பு ஊன்றுவதுதான் முதல் ஐந்து வருடத்தின் வேலை. அதற்கு என் ஓட்டு ஊர்ப் பள்ளிக்கே, இரண்டு ஆசிரியரும் இருக்கிற வரை. ஆகஸ்ட் 1 அன்று உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் முடிவாகும். அதனால் அக்காவிடம், "சின்னவளை ஜூனிலேயே இங்கே சேர்த்துவிடு" என்று சொல்லியிருக்கிறேன். மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.