மருந்துக்கடை சிரப்பா, ரத்தப் பரிசோதனையா?

காரைக்குடிப் பக்கம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் மருந்துக்கடை பாராசிட்டமால் சிரப்தான். பக்கத்துத் தெரு, வரிசை கிடையாது. சூடும் இறங்கும், மலேரியாவாக இருந்தால் கிருமி மட்டும் ரத்தத்திலேயே இருக்கும். மலேரியாவில் வைவாக்ஸ் என்ற வகை பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரோடு வரும். இடைநாளில் பிள்ளை வளவில் ஓடியாடுவதைப் பார்த்து, "பல்லு மொளைக்கிற காய்ச்சல்தான்" என்பார் ஆச்சி. அதில்தான் நாள் ஓடுகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அரை நாள் போய்விடும், நிஜம்தான். ஆனால் விரலில் ஒரு குத்து, காசில்லாமல் பரிசோதனை. வைவாக்ஸ் என்று தெரிந்தால், ரத்தத்தில் உள்ள கிருமியைக் கொல்லும் குளோரோகுயின் மருந்து 3 நாள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு, மருத்துவர் பார்த்து, காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க பிரைமாகுயின் மருந்து 14 நாள். மலேரியா கொசுவால் வருவது என்று அறிந்த தாய்கூட, பரிசோதனை இலவசம் என்று தெரியாவிட்டால் கடைக்கே போவார். வலிப்போ மயக்கமோ வந்தால் இரண்டும் வேண்டாம், நேராகப் பெரியாஸ்பத்திரி.